அத்தியாயம் 7: வரைவதும் வெட்டுவதும் ஒரே கோப்பில்

செம்பனை ஆலையில் ஒரு பம்ப் நின்றால் வேலை மொத்தமும் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். பறித்த குலை காத்திருக்காது. நேரம் ஆக ஆக எண்ணெயில் தனித்த கொழுப்பு அமிலம் ஏறும், தரம் இறங்கும், விலையும் கூடவே இறங்கும். டைமண்ட் ஜூபிலி, கெம்பாஸ் என்று ஆலையோடு சேர்த்தே தோட்டப் பெயரைச் சொல்லும் மலாக்கா ஜாசின்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆலையிலிருந்து பட்டறைக்கு வருகிற போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"தம்பி, பம்ப் போச்சு. புது இம்பெல்லர் வர மூணு வாரம் ஆகுமாம். செஞ்சு தர முடியுமா?"

"முடியும் அண்ணே. பழசைக் கையோட கொண்டு வாங்க. உடைஞ்ச துண்டு இருந்தா அதையும் கொண்டு வாங்க. பம்ப்ல இருக்கிற நேம்பிளேட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்க."

இந்த அத்தியாயத்துக்கு அந்த இம்பெல்லர்தான், பம்ப்புக்குள் சுழன்று திரவத்தைத் தள்ளும் இறகுச் சக்கரம்தான், பாடம். பழத்தோடு வரும் மணல் கச்சா எண்ணெயிலும் கழிவு நீரிலும் கலந்து ஓடி, இம்பெல்லரின் இறகுகளை அரித்துத் தின்றுவிடும். அதனால் இது திரும்பத் திரும்ப வருகிற வேலை. லேத்தில் மட்டும் முடியாது. கையால் ஜி-கோட் (மெஷினுக்கான கட்டளை வரிகள்) எழுதியும் முடியாது. ஐந்து அச்சு மெஷின் இருந்தால்தான் ஆகும் என்றும் இல்லை. மூன்று அச்சு மில்லிங் சென்டரும், வரைவதையும் வெட்டுவதையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் மென்பொருளும் போதும். தொடக்கநிலைக்காரர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியாது.

கையால் ஏன் முடியாது? இறகு வளைவானது. நேர்கோட்டையும் வட்டத் துண்டையும் கையால் எழுதலாம்; மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போகும் வளைவை எழுத முடியாது. இந்தத் தொழிலே அந்தச் சிக்கலிலிருந்துதான் பிறந்தது. அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கையின் வளைவைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு வெட்டப் பார்த்தார். அந்த முயற்சி மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குப் போய், 1952-இல் துளைநாடாவைப் படித்து ஓடும் மில்லிங் மெஷினாக வெளியே வந்தது. 1960-களில் ரெனோ கார் கம்பெனியில் பியர் பெசியே என்ற பொறியாளர், காரின் உடல் வளைவுகளைக் கணினியில் வரைய ஒரு கணிதமுறையை உருவாக்கினார். இன்று மென்பொருளில் ஸ்ப்லைன் என்ற வளைகோட்டை நீங்கள் இழுத்து வளைக்கும்போது கையில் வருகிற பிடிகள் அவர் வழியில் வந்தவை. 1977-இல் பிரான்சின் தசோ விமானக் கம்பெனி தொடங்கிய வேலை பின்னர் காட்டியா ஆனது. மாஸ்டர்கேம் செய்யும் கம்பெனி 1983-இல் தொடங்கியது. ஹெலிகாப்டர், கார், விமானம் என்று எல்லா இடத்திலும் ஆளை ஓட ஓட விரட்டியது வளைவுதான். மெர்லிமாவ் பட்டறையில் உங்களை விரட்டப் போவதும் அதுவே.

பழைய சாமானை அளப்பது

தேய்ந்த சாமானை அப்படியே அளந்து வரைந்தால், தேய்ந்த சாமான்தான் கிடைக்கும். வெளிவிட்டம் அளக்கையில் 176 மி.மீ. காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அசல் 180 ஆக இருந்திருக்கலாம். பம்ப் தூக்கும் உயரம் இம்பெல்லர் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அந்த 4 மி.மீ. குறைந்தாலே அழுத்தம் 4 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிடும். ஆகவே விட்டத்தை நேம்பிளேட்டிலிருந்தும் பம்ப் உறையின் உள்ளளவிலிருந்தும் எடுங்கள். உலோகம் தேயாமல் ஒளிந்திருக்கும் இடங்கள்தான் உண்மை பேசும்: நடுத்துளை, கீவே, நடுவிலுள்ள ஹப்பை ஒட்டிய இறகின் அடி.

இறகின் வளைவை எடுக்கத் திரீடி ஸ்கேனர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத் தாளை இம்பெல்லர் முகத்தின்மேல் விரித்து, பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். இறகுகளின் மேல்விளிம்பு தாளில் பதியும். அந்தத் தாளைச் சாதாரண ஸ்கேனரில் ஏற்றி, மென்பொருளில் பின்னணிப் படமாகப் போட்டு, நடுத்துளையின் விட்டத்தை வைத்து அளவைச் சரிசெய்து, அதன்மேல் வளைவை வரையலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பென்சிலால் தேய்த்த தாளில் வளைவு இருக்கிற திசையிலேயே பதியும். முகத்தில் மை தடவித் தாளை அழுத்தி எடுத்தால் கண்ணாடிபோல் திசை மாறிப் பதியும். திசை மாறிய இம்பெல்லர் பார்க்க அழகாக இருக்கும், பம்ப்பில் போட்டால் வேலை செய்யாது. தாளின் ஓரத்தில் சுழலும் திசையை அம்புக்குறியாகப் போட்ட பிறகே அதைக் கீழே வையுங்கள்.

ஆறு இறகு இருந்தால் ஆறையும் வரைய வேண்டாம். கெடாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து வரைந்து, நடுவைச் சுற்றி ஆறாகப் பெருக்கச் சொன்னால் மென்பொருள் செய்துவிடும்.

இனி வரும் கணக்குக்கு ஓர் அளவை வைத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 180, இறகுகள் தொடங்கும் உள்விட்டம் 60, இறகுகள் 6, அவற்றின் தடிப்பு 5, உயரம் 18, பின்தட்டு 8, நடுத்துளை 30. அளவெல்லாம் மி.மீ. இறகு உள்முனையில் வட்டத்தோடு சேரும் கோணம் 25 பாகை. உலோகம் துருப்பிடிக்காத எஃகு 304.

பிடிப்பை முதலில் வரையுங்கள்

புதிதாக வருகிற பையன்கள் மென்பொருளைத் திறந்ததும் இறகை வரைகிறார்கள். நான் முதலில் வரையச் சொல்வது சாமானைப் பிடிக்கும் ஃபிக்சரை. சாமானை எங்கே பிடிக்கப் போகிறோம், எதை வைத்துப் பூஜ்யம் எடுக்கப் போகிறோம் என்று முடிவாகாத வரைபடம் வெறும் படம். ஒருங்கிணைந்த மென்பொருள் வாங்கியதன் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது. ஃபிக்சர், போல்ட், கச்சாக் கட்டை, கட்டர், கட்டரைப் பிடிக்கும் ஹோல்டர் எல்லாம் சாமானோடு ஒரே கோப்பில் நிற்கும். எது எதோடு இடிக்கும் என்பதை மெஷினைத் தொடாமலே பார்த்துவிடலாம். வரைய ஒரு மென்பொருள், நிரல் எழுத வேறொன்று என்று வைத்திருந்தால், கோப்பு கைமாறும்போதெல்லாம் பழைய அளவு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும்.

இம்பெல்லருக்கு என் வழி இது. விட்டம் 185, தடிப்பு 40 உள்ள கட்டையை எடுத்தால் அதன் எடை ஏறத்தாழ 8.5 கிலோ. முடிந்த சாமான் 2.2 கிலோ அளவில்தான் இருக்கும். முக்கால் பங்கு சீவலாகத் தரையில் கிடக்கும். பத்துப் பதினைந்து உருப்படி வேண்டுமென்றால் வார்ப்புக்குக் கொடுத்துவிட்டு, வார்த்ததை மெஷினில் முடிப்பதே மலிவு. ஒன்றிரண்டு அவசரமாக வேண்டுமென்றால் கட்டையிலிருந்து வெட்டலாம்.

முதலில் லேத்து. பின்முகத்தையும் நடுத்துளையையும் ஒரே பிடிப்பில் முடித்துவிட வேண்டும். அப்போதுதான் துளையும் முகமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும். கீவேயும் இப்போதே வெட்டிவிடுங்கள். பிறகு மில்லிங் மேசையில், துளைக்குள் இறுக்கமாக நுழையும் மாண்ட்ரல் வைத்த ஃபிக்சர். பின்முகம் ஃபிக்சரில் உட்காரும், கீவேயில் ஒரு பின் நின்று சுழலாமல் தடுக்கும், நடுவில் போல்ட் மேலிருந்து இறுக்கும். அந்த போல்டின் தலையையும் வாஷரையும் மறக்காமல் வரையுங்கள். மென்பொருளுக்குத் தெரியாத போல்ட் தலையில்தான் கட்டர் போய் மோதும்.

பூஜ்யம் எங்கே? எக்ஸ், ஒய் இரண்டும் துளையின் நடுவில். கட்டையை ஏற்றும் முன் டயல் காட்டியை மாண்ட்ரலைச் சுற்றி ஓட்டி, முள் 0.02 மி.மீ.க்குள் ஆடும்படி எடுங்கள். இசட் பூஜ்யத்தைக் கட்டையின் மேல்முகத்தில் வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இந்த வேலைக்கு அது வேண்டாம். ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு தடிப்பில் அறுபட்டு வரும். மேல்முகம் நம்பத்தக்கது அல்ல. சாமான் உட்காரும் ஃபிக்சர் முகத்தில் பூஜ்யம் வையுங்கள். கட்டை மாறினாலும் பின்தட்டின் தடிப்பு மாறாது. மென்பொருளில் வரைபடத்தின் மூலப்புள்ளியையும் அதே இடத்தில் தொடங்கினால் பின்னால் எந்தக் கூட்டல் கழித்தலும் வராது.

எந்தக் கட்டர் நுழையும்?

சிக்கலான சாமானில் கட்டரைத் தேர்ந்தெடுப்பது நாம் அல்ல, சாமானின் மிகக் குறுகிய இடம். இம்பெல்லரில் அந்த இடம் ஹப்புக்குப் பக்கத்தில் இரண்டு இறகுகளுக்கு நடுவே. கணக்கு எளியது. 60 மி.மீ. வட்டத்தின் சுற்றளவு 188.5. ஆறால் வகுத்தால் 31.4. இறகு 25 பாகையில் சாய்ந்திருப்பதால் செங்குத்தாக அளந்தால் கிடைப்பது 31.4 பெருக்கல் 0.4226, அதாவது 13.3. அதில் இறகின் தடிப்பு 5 போனால் மிஞ்சும் வழி 8.3 மி.மீ. எனவே 8 மி.மீ. கட்டர் நுழையும், ஆனால் அசைய இடம் இருக்காது. 6 மி.மீ. எடுங்கள். வெளிவிளிம்பில் அதே வழி 30 மி.மீ.க்கு மேல் விரிந்துவிடும். அங்கே 6 மி.மீ. கட்டரை ஓட்டுவது நேரத்தை வீணாக்குவது. ஆகவே 10 மி.மீ. கட்டரால் நுழைந்த வரைக்கும் வெட்டிவிட்டு, அது விட்டுவைத்ததை மட்டும் 6 மி.மீ. கட்டர் எடுக்கட்டும். மென்பொருளில் இதற்கு ரெஸ்ட் மெஷினிங் என்று பெயர். முந்தைய கட்டர் எங்கெங்கே போகவில்லை என்பதை அதுவே கணக்கெடுத்து வைத்திருக்கும்.

இந்த 8.3 என்ற எண்ணை வரைபடம் வரையும்போதே எடுத்துவிட வேண்டும். கோணத்தை ஒரு பாகை கூட்டினாலோ, இறகின் உள்முனையைக் கொஞ்சம் மெலியவிட்டாலோ வழி அகலும். ஆலைக்காரரிடம் கேட்டுவிட்டு அப்படிச் செய்யலாம். வரைகிறவரும் வெட்டுகிறவரும் ஒரே ஆளாக இருப்பதன் லாபம் இது. பெரிய கம்பெனிகளில் வடிவமைப்பாளர் மாடியில் உட்கார்ந்திருப்பார். கட்டர் நுழையவில்லை என்ற செய்தி அவருக்குப் போய்ச் சேர இரண்டு கூட்டம் நடக்க வேண்டும்.

மூலைகளையும் இதே கண்ணோடு பாருங்கள். இறகும் பின்தட்டும் சேரும் இடத்தில் கூர்மூலை வரையாதீர்கள். 1 மி.மீ. ஆரம் கொடுத்தால், முனையில் 1 மி.மீ. ஆரமுள்ள 6 மி.மீ. கட்டர் அதைத் தானாகவே விட்டுச் செல்லும்; இறகின் அடியும் விரிசல் விடாமல் நிற்கும். மேலிருந்து பார்க்கையில் கட்டர் திரும்ப வேண்டிய உள்மூலையில், கட்டரின் ஆரமான 3 மி.மீ.யையே வரையாமல் 3.5 வரையுங்கள். சரியாக 3 என்றால் கட்டர் மூலைக்குள் போய் ஒரு கணம் முழுப் பக்கத்தாலும் அழுந்தி நின்று அலறும். 3.5 என்றால் வளைந்தபடி ஓடிப் போய்விடும்.

வேகமும் சீவலும்

ஸ்பிண்டில் வேகத்துக்கு ஒரு சூத்திரம் போதும்: வெட்டும் வேகத்தை 1000-ஆல் பெருக்கி, கட்டர் விட்டத்தாலும் 3.1416-ஆலும் வகுக்க வேண்டும். 304 எஃகுக்கு கார்பைட் கட்டரில் நிமிடத்துக்கு 70 மீட்டர் என்று தொடங்கலாம். 6 மி.மீ. கட்டருக்கு 3,700 சுற்று வரும். நான்கு பல், ஒரு பல்லுக்கு 0.025 மி.மீ. என்றால் ஃபீட், அதாவது கட்டர் முன்னேறும் வேகம், நிமிடத்துக்கு 370 மி.மீ. கட்டர் செய்த கம்பெனியின் கேட்டலாக் வேறு எண் சொன்னால் கேட்டலாக்கையே கேளுங்கள்.

இந்த 370 அகலமாக வெட்டும்போதுதான் சரி. இப்போதைய மென்பொருள்களில் அடாப்டிவ் என்று ஒரு பாதை வருகிறது. கட்டர் பக்கவாட்டில் கொஞ்சமாகவும் ஆழத்தில் நிறையவும் எடுத்து, சின்னச் சின்ன வளையங்களாக ஓடும். கட்டர் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.6 மி.மீ., மட்டும் பக்கவாட்டில் எடுத்தால் சீவல் நீங்கள் நினைத்த 0.025-ஐ விட மெலிந்துவிடும். மெலிந்தால் என்ன? பால்மரம் சீவுகிறவரைக் கேளுங்கள். கத்தி ஆழப் போனால் மரம் புண்ணாகும்; பட்டையை மேலோடு வருடினால் பால் இறங்காது, கத்திதான் மழுங்கும். 304 எஃகும் வருடினால் பிடிக்காது. தேய்த்த இடம் கெட்டிப்பட்டு, அடுத்த பல்லைத் தின்னும். ஆகவே பத்தில் ஒரு பங்கு எடுக்கும்போது ஃபீட்டை 1.67 மடங்கு கூட்ட வேண்டும்: 370 போய் 620 ஆகும். எண்ணைப் பார்த்துக் கை நடுங்கும். நடுங்கட்டும், ஆனால் குறைக்காதீர்கள். ஒரே இடத்தில் கட்டரைச் சுழலவிட்டுக் காத்திருக்கவும் கூடாது.

கடைசி மெருகு வெட்டுக்கு இருபுறமும் 0.2 மி.மீ. விட்டுவையுங்கள். ஒரு பக்கத்தை மேலிருந்து அடிவரை முடித்துவிட்டு மறுபக்கத்துக்கு வந்தால், மெலிந்த இறகு கட்டருக்கு எதிரே வளைந்து கொடுக்கும், முகத்தில் அலை விழும். ஆழத்தைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு பக்கத்தையும் முடித்துக்கொண்டே கீழே இறங்குங்கள். கீழே இன்னும் தடிப்பாக நிற்கும் உலோகம் மேலே உள்ள இறகைத் தாங்கிக்கொள்ளும்.

மென்பொருள் சொன்னது மெஷினுக்குப் புரிய வேண்டும்

மென்பொருளில் வரைந்த பாதை எந்த மெஷினுக்கும் உரியதல்ல. அதை உங்கள் மெஷினின் பேச்சுக்கு மாற்றுவது போஸ்ட் புராசசர். ஜி-கோடுக்கு ஐ.எஸ்.ஓ. 6983 என்று ஒரு தரம் இருந்தாலும், ஃபானுக், சீமென்ஸ், ஹைடன்ஹைன் ஒவ்வொன்றும் தனக்கென்று சில வழக்கம் வைத்திருக்கிறது. இணையத்தில் கிடைத்த போஸ்டைப் போட்டு உடனே உலோகத்தை வெட்டத் தொடங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பட்டறையில் வைஸ் தாடைகளைப் பார்த்தாலே மற்றது புரிந்துவிடும். பழைய மெஷினோடு வந்த போஸ்ட் சரியாக ஓடுகிறது என்றால் அதன் நகலை மூன்று இடத்தில் வையுங்கள்.

கோட் வெளியே வந்ததும் முதல் பக்கத்தைக் கண்ணால் படியுங்கள். ஃபானுக் வகை மெஷினில் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

ஜி21 ஜி90 ஜி54
டி2 எம்6
எஸ்3700 எம்3
ஜி43 எச்2 இசட்100.0

அளவு மில்லிமீட்டரா, பூஜ்யம் ஜி54-ஆ, டி-யும் எச்-சும் ஒரே எண்ணா என்று பாருங்கள். டி2 என்று கட்டரை எடுத்துவிட்டு எச்3-இன் நீளத்தைப் பயன்படுத்தினால் மேசைக்குள் கட்டர் இறங்குவதற்கு அது ஒன்றே போதும். கையால் ஏதாவது திருத்தினால் தசமப் புள்ளியை விட்டுவிடாதீர்கள். சில ஃபானுக் அமைப்புகளில் புள்ளி இல்லாத 50 என்பதை மெஷின் 0.05 என்று எடுத்துக்கொள்ளும்.

ஸ்ப்லைன் வளைவை மெஷின் நேராகப் படிக்காது. மென்பொருள் அதைச் சின்னச் சின்ன நேர்கோடுகளாக நறுக்கித்தான் அனுப்பும். எவ்வளவு நுணுக்கமாக நறுக்குவது என்பதை டாலரன்ஸ் என்ற கட்டத்தில் நீங்கள் சொல்கிறீர்கள். கரட்டு வெட்டுக்கு 0.05, மெருகு வெட்டுக்கு 0.005 போதும். இரண்டுக்கும் 0.001 போட்டால் கோப்பு பல மடங்கு வீங்கும். நினைவகம் சிறிதான பழைய கண்ட்ரோலர் படிக்கத் திணறும், வளைவில் மெஷின் விக்கி விக்கி ஓடும், அந்த விக்கல் இறகின் முகத்தில் கோடாகத் தெரியும். முடிந்த இடங்களில் நேர்கோடுகளை வட்டத் துண்டாகச் சேர்க்கச் சொல்லும் வசதியையும் போட்டுவிடுங்கள்.

முதல் ஓட்டம் காற்றில். இசட் ஆஃப்செட்டை 100 மி.மீ. உயர்த்தி, வெட்டாமல் ஓடும் வேக நகர்வை (ரேபிட்) 25 விழுக்காட்டுக்கு இறக்கி, ஒரு வரி ஒரு வரியாக ஓட்டுங்கள். ஒரு விரல் ஃபீட் ஹோல்டு பொத்தானில் இருக்கட்டும். திரையில் சிமுலேஷன் பச்சையாக முடிந்தது என்பது, நீங்கள் மென்பொருளுக்குச் சொன்ன உலகத்தில் மோதல் இல்லை என்பதற்கு மட்டுமே சான்று. நீளமான சட்டைக் கை, கையுறை இரண்டும் சுழலும் ஸ்பிண்டிலுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

முடிந்த இம்பெல்லரை அளந்த பிறகு சமநிலை பார்க்க வேண்டும். பம்ப் இம்பெல்லருக்கு வழக்கில் உள்ள தரம் ஐ.எஸ்.ஓ. 21940-இன் ஜி6.3 நிலை. 1,450 சுற்றில் ஓடும் 2.2 கிலோ இம்பெல்லருக்குக் கணக்குப் போட்டால், வெளிவிளிம்புப் பக்கம் ஏறத்தாழ ஒரு கிராம் வித்தியாசம்தான் பொறுக்கலாம். மட்டம் பார்த்து வைத்த கத்தி முனைகள் இரண்டின்மேல் மாண்ட்ரலோடு உருட்டிப் பார்த்து, கனமான பக்கத்தில் பின்தட்டிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுங்கள். இறகைத் தொடாதீர்கள்.

இறகு முறுக்கியிருந்தால்

மேலே சொன்ன இறகு பின்தட்டுக்குச் செங்குத்தாக நிற்பது. சில பம்ப்களில் இறகு அடியிலிருந்து மேலே வரும்போதே முறுக்கிக்கொண்டு வரும். கட்டர் நேராக மேலிருந்து இறங்கினால் இறகின் ஒரு பக்கம் மறைந்துவிடும். இங்கே ஐந்து அச்சு வேண்டும். சாமானையோ கட்டரையோ சாய்த்துப் பூட்டிவிட்டு மூன்று அச்சில் வெட்டுவது ஒரு வகை. பல வேலைகளுக்கு இது போதும், நிரலும் எளிது. ஐந்து அச்சும் ஒரே நேரத்தில் அசைவது இன்னொரு வகை. முறுக்கிய இறகுக்கு இதுதான். கட்டரின் பக்கத்தை இறகின் மேல் சாய்த்து ஒரே ஓட்டத்தில் எடுக்கலாம். அதற்கு இறகின் முகம் நேர்கோடுகளால் ஆனதாக வரையப்பட்டிருக்க வேண்டும், அதுவும் வடிவமைப்பு மேசையிலேயே தீர்க்க வேண்டிய விஷயம். அப்படி இல்லாவிட்டால் உருண்டை முனைக் கட்டரால் வரி வரியாக மெழுக வேண்டும். வரிகளுக்கு நடுவே நிற்கும் மேட்டின் உயரம், வரி இடைவெளியின் வர்க்கத்தைக் கட்டர் ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வரும். 6 மி.மீ. உருண்டைக் கட்டரில் 0.6 இடைவெளி என்றால் மேடு 0.015 மி.மீ. இடைவெளியைப் பாதியாக்கினால் மேடு காலாகும், நேரம் இரட்டிக்கும். ஓடும் பம்ப்புக்குள் போகிற சாமானுக்கு 0.015 தாராளம், கண்ணாடிபோல் மின்னவைத்து யாருக்கும் ஒன்றும் ஆகப் போவதில்லை.

ஐந்து அச்சில் மெஷின் சாயும்போது கட்டர் முனை இடம் மாறாமல் இருக்க, ஃபானுக்கில் ஜி43.4 என்று ஒரு கட்டளை உண்டு. அது இல்லாத மெஷினில் கட்டரின் நீளம் மாறினாலே கோடை மறுபடி எழுப்ப வேண்டிவரும். மலாக்காவிலேயே பத்து பெரெண்டாமில் 1990-இல் தொடங்கிய சி.டி.ஆர்.எம். நிறுவனம் ஏர்பஸ் விமானங்களுக்கான கூட்டுப்பொருள் பாகங்களைச் செய்கிறது. அந்த மாதிரி வேலைகளின் மோல்டுகள், ஜிக்குகள் எல்லாம் பெரும்பாலும் ஐந்து அச்சுக் கணக்கில்தான் வருகின்றன. ஆனால் ஐந்து அச்சு மெஷினை வாங்கிவிட்டு வேலையைத் தேடாதீர்கள். மூன்று அச்சில் ஃபிக்சர் வரையத் தெரிந்தவருக்கு ஐந்து அச்சு சீக்கிரம் வசப்படும். தெரியாதவருக்கு இடிக்கிற இடங்கள்தான் பெருகும்.

எங்கே கற்பது

எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் வெகுதூரம் போக வேண்டாம். மெர்லிமாவில் 2002-இலிருந்து பாலிடெக்னிக் இருக்கிறது, இயந்திரப் பொறியியல் துறையோடு. செலண்டாரில் மனிதவளத் துறையின் தொழிற்பயிற்சிக் கழகம் (ஐ.எல்.பி.) இருக்கிறது. டுரியான் துங்காலில் யூடெம் பல்கலைக்கழகம், 2000-இல் தொடங்கியது. எஸ்.கே.எம். திறன் சான்றிதழ் வழியாக வருகிறவர்கள் மூன்று நிலைகள் முடித்து டி.கே.எம். டிப்ளோமாவுக்கு ஏறலாம். எங்கே சேர்வதானாலும், நீங்கள் சேரும் பருவத்தில் எந்தப் பாடம் ஓடுகிறது, எந்த மெஷின் உண்மையில் ஓடுகிறது என்பதை நேரில் போய்ப் பாருங்கள். மூடிவைத்த மெஷினில் யாரும் கற்றதில்லை.

மென்பொருளை வீட்டிலேயே பழகலாம். ஃபியூஷனுக்குத் தனிப்பயன் உரிமம் இலவசம், ஆனால் அதில் வேக நகர்வு, தானாகக் கட்டர் மாற்றுவது, ஐந்து அச்சு ஆகியவற்றை அடைத்துவைத்திருக்கிறார்கள்; கூலிக்குச் செய்யும் பட்டறை வேலைக்கு அது ஆகாது. ஃப்ரீகேட் முழுக்க இலவசம், 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது, நிரல் எழுதும் பகுதியும் உண்டு. கொஞ்சம் முரட்டுத்தனமானது, ஆனால் அதில் பழகியவர்கள் வேறெதிலும் தடுமாறுவதில்லை. மற்றவரிடமிருந்து வரும் வரைபடத்தை எப்போதும் ஸ்டெப் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். எஸ்.டி.எல். கோப்பில் வளைவு ஏற்கெனவே முக்கோணங்களாக நொறுங்கியிருக்கும்.

அடுத்த ஆர்டர்

இறகின் தடிப்பு, எண்ணிக்கை, விட்டம் ஆகியவற்றைப் பெயரிட்ட மாறிகளாக வைத்து வரைந்திருந்தால், அடுத்த ஆலைக்காரர் வேறு அளவில் கேட்கும்போது எண்ணை மாற்றினால் போதும். வரைபடம் மாறும், டூல்பாத் தன்னாலே பின்தொடரும். ஒருங்கிணைந்த மென்பொருளை விற்கிறவர்கள் முதலில் காட்டும் வித்தை இதுதான், உண்மையிலேயே நல்ல வித்தை. ஆனால் ஆறு இறகு ஏழு ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். 188.5-ஐ ஏழால் வகுத்தால் 26.9. 0.4226-ஆல் பெருக்கினால் 11.4. இறகு போக மிஞ்சும் வழி 6.4 மி.மீ. 6 மி.மீ. கட்டருக்கு இருபுறமும் 0.2 தான், அதுவும் மெருகு வெட்டுக்கு விட்டுவைத்த அளவு. மென்பொருள் சத்தமில்லாமல் ஹப்புப் பக்கத்தை வெட்டாமல் விட்டுவிட்டுப் பாதை தயார் என்று சொல்லும். பிழை என்று சிவப்பு விளக்கு எதுவும் எரியாது. சிமுலேஷனில் வெட்டி முடிந்த உருவத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டு, மிஞ்சிய உலோகத்தை நிறத்தில் காட்டச் சொல்லுங்கள். ஹப்பைச் சுற்றி நிறம் தெரிந்தால் 4 மி.மீ. கட்டரைச் சேர்த்து, அதன் சுற்று வேகத்தையும் ஃபீட்டையும் மறுபடி கணக்கிட்டு, ரெஸ்ட் மெஷினிங்கைத் திரும்ப ஓட்டுங்கள். பழைய கோப்பின்மேல் சேமிக்காதீர்கள். ஆலையின் பெயர், பம்ப்பின் எண், தேதி மூன்றையும் பெயரில் வைத்துத் தனிக் கோப்பாக வையுங்கள்.